இவரே அவர்

அலுவலகத்தில் அதற்குப் பொட்டு என்று பெயர். சட்டத்தில் 'பொருட்குறி' என்று இருந்தது. யாரும் அப்படிச் சொல்வதில்லை.

இணையத்தில் ஒரு பக்கத்தைத் திறந்தால் நாம் பார்ப்பது எழுத்துகளை. அவற்றுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு அடுக்கு உண்டு. இது ஒருவரின் பெயர். இது ஊர். இது இறந்த நாள். இவர் அவருக்கு மகள். இயந்திரங்கள் படிப்பது அந்த அடுக்கை மட்டும்தான். ஒவ்வொரு சொல்லுக்கும் உரிய குறியை அடியில் வைப்பது செண்பகத்தின் வேலை.

கோவில்பட்டியில் ஒரு மேல்மாடி. இருபத்திரண்டு பேர். நாளிதழ்களில் வரும் கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, பெயர் மாற்றம் எல்லாம் பக்கங்களாக மாறி அவர்கள் திரைக்கு வரும். மென்பொருள் முதலில் ஒரு தடவை பொட்டு வைத்திருக்கும். மனிதர் பார்த்துச் சரி என்றால் அதைச் சுற்றிப் பச்சை வளையம் விழும். பச்சை வளையம் விழுந்த பொட்டை வேறு எந்த இயந்திரமும் கேள்வி கேட்காது. ரேஷன், ஓட்டுநர் உரிமம், ஆஸ்பத்திரி, தொலைபேசி எல்லாம் அதை நம்பி நடந்தன. இந்த மேல்மாடியின் கண்ணாடிக் கதவுகூட ஆளைப் பார்த்து, பதிவைப் பார்த்து, பிறகுதான் திறக்கும். மக்கள் விண்ணப்பம் நிரப்புவதை விட்டு ஆறு வருடம் ஆகியிருந்தது. எல்லோருக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது.

செண்பகம் வேதியியல் படித்தவள். அதிகம் பேசமாட்டாள். பக்கத்து நாற்காலி கோமதி அவளுக்கும் சேர்த்துப் பேசுவாள். கோமதிக்கு நாற்பத்தொரு வயது. கல்யாணம் ஆகவில்லை. அம்மா இல்லை. கூடப்பிறந்தவர்கள் இல்லை.

"ஏ செம்பகம், இந்தப் பத்திரிகையப் பாரேன். மாப்பிள்ளைக்குத் தாய்மாமனும் அவருதான், மாமனாரும் அவருதான். ரெண்டு பொட்டு வச்சா சிஸ்டம் மூச்சு முட்டி நிக்கி."

"பிற உறவுன்னு வச்சிருங்கக்கா."

"பொண்ணு குடுத்த மனுசன பிற உறவுன்னா அடிக்க வருவாரு."

பட்டியலில் உறவுக்கென்று இருந்தவை ஆறு பொட்டுகள். தந்தை, தாய், துணை, பிள்ளை, உடன்பிறந்தவர், பிற உறவு. பட்டியல் எங்கே தயாரானது என்று யாருக்கும் தெரியாது. பெரியப்பாவும் மாமாவும் இல்லாத ஏதோ ஓர் ஊரில் என்று கோமதி சொல்வாள்.

நான்கு வருடங்களுக்கு முன் கோமதியின் அப்பா சண்முகையா இறந்தார். கண்ணீர் அஞ்சலி நாளிதழில் வந்தது. சொந்தக் குடும்பத்தின் பக்கத்துக்கு ஒருவர் தானே பொட்டு வைக்கக் கூடாது என்பது விதி. அதனால் அது செண்பகத்திடம் வந்தது.

'இவண்: மகன் ச.பொன்னுலிங்கம், மகள் ச.கோமதி' என்று இருந்தது.

"அக்கா, உங்களுக்கு அண்ணன் இருக்காங்களா?"

"பெரியப்பா மகன். சங்கிலி பெரியப்பான்னு சொல்லுவேன்லா, அவரு மகன். எட்டயபுரத்துல லாரி ஓட்டுது."

"அப்ப மகன்னு போட்டிருக்கு."

"அப்பாவுக்குக் கொள்ளி வச்சது அதுதானே. கொள்ளி வச்சவன் பேர மகன்னு போடாம வேற என்னன்னு போட?"

செண்பகத்தின் விரல் 'பிற உறவு' மேல் நின்றது. கோமதி அதைப் பார்த்தாள். அழுது வீங்கிய முகம். பதினாறாம் நாள் முடிந்து அன்றுதான் வேலைக்கு வந்திருந்தாள்.

"மகன்னே வை செம்பகம். ஒரு பையன் இல்லன்னு கடைசி வரைக்கும் மனசுக்குள்ளயே வச்சிருந்தாரு. இதுலயாவது இருக்கட்டும்."

மென்பொருள் தயங்கவில்லை. சண்முகையாவுக்கும் ச, சங்கிலிக்கும் ச. முன்னெழுத்து பொருந்தியது. பிள்ளை என்று பொட்டு விழுந்தது. பொன்னுலிங்கத்துக்கும் கோமதிக்கும் இடையே உடன்பிறந்தவர் என்ற கோட்டை இயந்திரம் தானே போட்டுக்கொண்டது. பச்சை வளையம் வந்தது.

அன்று மத்தியானம் கோமதி சாப்பாட்டு டப்பாவைத் திறந்து முதல் கைப்பிடியை செண்பகத்தின் தட்டில் வைத்தாள்.

*

கோமதிக்குச் சிறுநீரகம் போய்விட்டது என்று போன வருடம் தெரிந்தது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். இடது கையில் ரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்திருந்தார்கள். அந்த இடத்தில் விரல் வைத்தால் உள்ளே ஏதோ உறுமும்.

"தொட்டுப் பாரு. பூனை வளக்கேன்."

செண்பகம் தொட்டாள். உண்மையில் பூனை போலத்தான் இருந்தது.

உறுப்புப் பதிவகத்தில் இரண்டு வரிசைகள். ரத்த உறவு யாரும் இல்லாதவர்கள் முதல் வரிசை. அவர்களுக்குக் கொடுக்க வேறு ஆள் இல்லை. பெற்றோரோ பிள்ளையோ உடன்பிறந்தவரோ இருப்பவர்கள் இரண்டாம் வரிசை. கோமதி முதல் வரிசையில் நான்காவதாக இருந்தாள்.

ஆவணி மாதம் ஒரு குறுஞ்செய்தி வந்தது. இரண்டாம் வரிசை, இடம் 212. காரணம்: உடன்பிறந்தவர் உளர். அவர் இசைவு கேட்கப்படவில்லை.

பதிவகம் அந்த மாதம்தான் நாளிதழ்ப் பக்கங்களையும் படிக்கத் தொடங்கியிருந்தது.

கோமதி தொலைபேசியில் ஒலிபெருக்கியைப் போட்டுக்கொண்டு பேசினாள். அந்தப் பக்கம் ஒரு பெண்.

"அம்மா, அது எங்க பெரியப்பா மகன். கூடப்பிறந்தது இல்ல."

"பக்கத்துல உங்க அப்பாவுக்குப் பிள்ளைன்னு இருக்கும்மா."

"கொள்ளி வச்சதுனால அப்படிப் போட்டது. நீங்க வரியப் படிச்சுப் பாருங்க."

"வரிய நாங்க படிக்கிறதில்லம்மா. பொட்டு என்ன இருக்கோ அதுதான். இது பச்சை வளையம் வேற. ஒரு மனுசன் பாத்து வச்சத இன்னொரு மனுசன் பாத்துத்தான் எடுக்கணும். திருத்தத்துக்கு எழுதிக் குடுங்க."

"எத்தன நாளாகும்?"

"இப்ப போட்டா பதினோரு மாசம். பாக்கிறதுக்கு ஆள் இல்லம்மா. ரத்தப் பரிசோதனை பண்ணிக் குடுத்தாலும் அதே வரிசைதான்."

செண்பகம் தன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொட்டு வைத்தவர் அதை எடுக்க முடியாது. வைக்க மட்டும்தான் முடியும்.

கோமதி அவளைக் குறை சொல்லவில்லை. "நான்தானே வைக்கச் சொன்னேன்" என்று ஒரு தடவை சொன்னாள். அதோடு விட்டுவிட்டாள். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

இன்னொரு வழி இருந்தது. பொன்னுலிங்கம் பதிவகத்துக்குப் போய்ப் பரிசோதனைக்கு உட்பட வேண்டும், அல்லது தர முடியாது என்று கையெழுத்துப் போட வேண்டும். எதைச் செய்தாலும் கோமதி முதல் வரிசைக்குத் திரும்பிவிடுவாள்.

"முடியாதுன்னு எழுதிக் குடுத்தா என் பக்கத்துல பொட்டு விழும்ல தங்கச்சி" என்றார் பொன்னுலிங்கம். போனில் அவர் குரலுக்கு அடியில் லாரி இரைந்தது. "கூடப்பிறந்தவளுக்கு மறுத்தவன்னு. எவன் எனக்கு வண்டி தருவான்? நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா எந்த ஆஸ்பத்திரி சேக்கும்?"

"அப்ப டெஸ்டுக்குப் போங்கண்ணே."

"பொருந்திட்டுன்னா?"

கோமதி போனை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"யோசிச்சுச் சொல்லுதேன்மா. லோடு ஒண்ணு இருக்கு. இறக்கிட்டுப் பேசுதேன்."

அவர் பேசவில்லை. கோமதி பதினான்கு தடவை அழைத்தாள். புரட்டாசியில் அழைப்பதை நிறுத்தினாள்.

ஐப்பசி முதல் வாரம் அவள் வேலைக்கு வந்து, கையை செண்பகத்தின் மேசையில் வைத்தாள்.

"பூனை செத்துட்டு."

குழாய் அடைத்துக்கொண்டது. வலது கையிலும் தொடையிலும் ஏற்கெனவே தைத்துப் பார்த்துத் தோற்றிருந்தார்கள். கழுத்தில் ஒரு குழாய் போட்டிருந்தார்கள். அது எத்தனை நாள் தாங்கும் என்று டாக்டர் சொன்னதை கோமதி சொல்லவில்லை. செண்பகம் படித்துத் தெரிந்துகொண்டாள். மூன்று மாதம். நன்றாக இருந்தால் நான்கு.

*

அந்தச் செவ்வாய்க்கிழமை கோமதி டயாலிசிஸுக்குப் போயிருந்தாள். பதினொன்றரை மணி. வெயில் திரையில் பட்டதால் செண்பகம் சன்னலை மூடிவிட்டு வந்தாள். அடுத்த பக்கம் தயாராக இருந்தது.

கண்ணீர் அஞ்சலி. ச.பொன்னுலிங்கம். மளிகைக் கடை உரிமையாளர், சாத்தூர்.

மென்பொருள் வழக்கம்போலக் கேட்டது. 'இவரே அவரா?' கீழே மூன்று பெயர்கள். ச.பொன்னுலிங்கம், சாத்தூர். ச.பொன்னுலிங்கம், எட்டயபுரம். ச.பொன்னுலிங்கம், விளாத்திகுளம். ஒன்றைத் தொட வேண்டும். தொட்டவுடன் இறந்தவர் இன்னார் என்று முடிவாகும். 'இவரே அவர்' என்பதுதான் அந்தப் பொட்டின் பெயர். மற்ற பொட்டுகள் மற்ற துறைகளுக்குப் போய்ச் சேர வாரங்கள் ஆகும். இறப்பு மட்டும் அன்றைக்கே போய்விடும்.

செண்பகம் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். மேலாளர் ஆரோக்கியராஜ் அங்கே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"சார், உயிரோட இருக்கிற ஒருத்தரத் தெரியாம இறந்ததா வச்சிட்டா என்ன ஆகும்?"

"ஏன், யாரையாவது கொன்னுட்டியா?" அவர் சிரித்தார். "போன வருசம் நம்ம ராமலட்சுமி ஒருத்தரக் கொன்னுச்சு. அந்த ஆளு நேர்ல போய் நின்னாரு. ரெண்டு நாள்ல எழுப்பிட்டாங்க. உயிரோட இருக்கிறவனுக்கு அது ஒரு வசதி பாத்துக்கோ, போய் நிக்கலாம்."

ரெண்டு நாள். அவள் நாற்காலிக்குத் திரும்பினாள்.

வண்டி ஓட்ட முடியாமல் ரெண்டு நாள் இருப்பார். கோபப்படுவார். எழுந்து போய் நிற்பார். அதற்குள் கோமதி முதல் வரிசைக்குப் போய்விடுவாள். ஒருமுறை போய்விட்டால், இசைவு கேட்க மறுபடி ஒரு மாதமாவது எடுத்துக்கொள்வார்கள். ஒரு மாதம் போதலாம்.

அவள் கணக்கு அவ்வளவுதான். எட்டயபுரம் என்றிருந்த இரண்டாவது பெயரைத் தொட்டாள்.

'உறுதியா?' என்று கேட்டது. எப்போதும் கேட்பதுதான்.

பச்சை வளையம் விழுந்தது.

மறுநாள் காலை கோமதியின் போன் ஒலித்தது. அவள் படித்துவிட்டு நெடுநேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"முதல் வரிசை. நாலாவது இடம்." பிறகு கேட்டாள், "திருத்தம் வந்துட்டா?"

"வந்துட்டுக்கா."

கோமதி அவள் முகத்தைப் பார்த்தாள்.

"சரி" என்றாள் கோமதி. வேறெதுவும் கேட்கவில்லை.

பத்தொன்பதாம் நாள் சிறுநீரகம் கிடைத்தது. விபத்தில் மூளைச் சாவடைந்த ஓர் ஆசிரியை. அறுவைச் சிகிச்சை முடிந்து மூன்றாம் நாள் கோமதி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து கையாட்டினாள். செண்பகம் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து அழுதாள்.

பொன்னுலிங்கத்தைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. எழுந்திருப்பார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அவர் பெயரைத் தேடிப் பார்க்க அவளுக்கு உரிமை இருந்தது. தேடவில்லை.

*

பங்குனியில் கோமதி வேலைக்குத் திரும்பினாள். முகக்கவசம், தினம் இரண்டு வேளை மாத்திரைகள். மாத்திரையை நிறுத்தினால் உடம்பு புதுச் சிறுநீரகத்தைத் தள்ளிவிடும். அதை அவள் மாத்திரை டப்பாவின் மேலேயே எழுதி ஒட்டியிருந்தாள்.

திரும்பி வந்த எட்டாம் நாள், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின், அடையாளப் பதிவகத்திலிருந்து ஒரு விசாரணை அலுவலர் வந்தாள். செண்பகத்தின் வயதுதான் இருக்கும். நீல நிறச் சுடிதார், கையில் பலகைக் கணினி. கண்ணாடிக் கதவு அவளுக்குத் திறந்தது. அவள் முதுகை ஒட்டியபடி ஒருவர் உள்ளே வந்தார். உயரமான ஆள். சட்டையின் காலர் கிழிந்திருந்தது. காலில் செருப்பு இல்லை.

கோமதி எழுந்து நின்றாள்.

"தங்கச்சி" என்றார் அவர்.

அலுவலர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நீங்கதானே ச.கோமதி? ஒரே ஒரு கேள்விதான் மேடம். இவரு ச.பொன்னுலிங்கம்னு சொல்றாரு. பதிவுல அந்தப் பொன்னுலிங்கம் ஐப்பசியில இறந்துட்டாரு."

"நான்தான் நிக்கேன்லா முன்னால" என்றார் பொன்னுலிங்கம்.

"நீங்க உயிரோட இருக்கீங்கன்னு எனக்குத் தெரியுது சார். நீங்க பொன்னுலிங்கமான்னுதான் தெரியல." அவள் குரலில் எரிச்சல் இல்லை. பலமுறை சொன்ன சொற்களாக இருந்தன. "இறந்தவங்க கைரேகை, முகம் எல்லாம் அன்னைக்கே அழிஞ்சிரும். ஒப்பிட எங்ககிட்ட ஒண்ணும் இல்ல."

செண்பகம் நாற்காலியை அலுவலர் பக்கம் திருப்பினாள். "நேர்ல போய் நின்னா ரெண்டு நாள்ல சரியாயிரும்னு சொன்னாங்களே" என்றாள். அவள் தானாகப் பேசியது கோமதிக்கே ஆச்சரியமாக இருந்திருக்கும்.

"யாரு சொன்னது? ரத்த உறவு ஒருத்தர் கூட வந்து, இவரே அவர்னு சொல்லணும். போன வருசம் இங்கேர்ந்து ஒரு கேஸ் வந்துச்சு. அவரோட அண்ணன் வந்து சொன்னாரு, முடிஞ்சுது. இவருக்கு அப்பா அம்மா இல்ல, கல்யாணம் ஆகல. பதிவுல இருக்கிற ஒரே ரத்த உறவு நீங்க மட்டும்தான்."

"அஞ்சு மாசமா உன்னத் தேடுதேன்மா" என்றார் பொன்னுலிங்கம். "போனு செத்துட்டு. நம்பர் ஒண்ணும் மனப்பாடம் இல்ல. உங்க வீட்டுக்கு வந்தேன், ஆஸ்பத்திரின்னாங்க. ஆஸ்பத்திரிக்குள்ள என்ன விடல. வண்டியும் தர மாட்டேங்கான். ரேசன் கிடையாது. சிவன் கோயில் சோறுதான். இங்க கீழ மூணு நாளா நின்னேன். இந்தக் கதவு என்னப் பாத்துத் திறக்க மாட்டேங்கு." அவர் நிறுத்தினார். "அன்னைக்கு நான் போன் எடுக்காதது தப்புதான். பயந்துட்டேன். மனசுல வச்சுக்கிடாத."

கோமதி முகக்கவசத்துக்கு மேலே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் இவருக்குச் சித்தப்பா மக. அத சொல்லுதேன். இது எங்க பெரியப்பா மகன் பொன்னுலிங்கம்."

அலுவலர் தலையை அசைத்தாள். "அது பிற உறவு மேடம். பிற உறவு சொன்னா செல்லாது. உடன்பிறந்தவர்னுதான் உங்க அப்பா பக்கத்துல இருக்கு. அப்படித்தான் கேக்கணும். இவரு உங்க கூடப்பிறந்த அண்ணனா? ஆமாவா, இல்லையா?"

"ஆமான்னு சொன்னா?"

"இன்னைக்கே எழுப்பிருவேன்." அலுவலர் கணினியைப் பார்த்தாள். கொஞ்சம் தயங்கினாள். "ஆனா உங்களுக்கு ஒண்ணு சொல்லிரணும். கூடப்பிறந்தவர் இல்லன்னுதான் உங்களுக்கு உறுப்பு ஒதுக்கியிருக்கு. அவரு உயிரோட இருக்காருன்னா அந்த ஒதுக்கீடு மறுபரிசீலனைக்குப் போயிரும். அது முடியற வரைக்கும் மருந்து நிக்கும்."

"எவ்வளவு நாள்?"

"ஒரு வருசம் ஆகலாம்."

கூடத்தின் மறுகோடியில் யாரோ கல்யாணப் பத்திரிகை ஒன்றைப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

செண்பகம் வாயைத் திறந்தாள். நான்தான் வைத்தேன், சாத்தூர்க்காரர் என்று தெரிந்தே வைத்தேன். அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. மேசைக்கு அடியில் கோமதியின் இடது கை வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. பூனை இல்லாத கை. எலும்பு தெரியும்படி இறுகியது. செண்பகம் வாயை மூடிக்கொண்டாள். கையை உதறியிருக்கலாம் என்று அப்போதே அவளுக்குத் தெரிந்தது.

"இல்ல" என்றாள் கோமதி. "எனக்குக் கூடப்பிறந்தவங்க யாரும் இல்ல."

"பக்கத்துல மகன்னு..."

"தப்பா வச்ச பொட்டு. எங்க அப்பாவுக்கு மகன் கிடையாது."

அலுவலர் அதை அப்படியே தட்டச்சு செய்தாள். அவள் ஒரு மனிதர். அவள் பார்த்துவிட்டாள். சண்முகையாவின் பக்கத்தில் பிள்ளை என்ற பொட்டு ஒன்று அழிந்தது. உடன்பிறந்தவர் என்ற கோடு அதோடு போனது. பதினோரு மாதம் ஆகும் என்ற திருத்தம் ஒரு நிமிடத்தில் முடிந்தது. பச்சை வளையம் விழுந்தது.

"சித்தப்பாவுக்கு நான்தானேம்மா கொள்ளி வச்சேன்" என்றார் பொன்னுலிங்கம்.

அவர் சத்தம் போடவில்லை. நினைவுபடுத்துவதுபோலச் சொன்னார். கோமதி உட்கார்ந்து திரையைப் பார்க்க ஆரம்பித்தாள். மாத்திரை டப்பா அவள் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

அலுவலர் எழுந்தாள். "வேற ரத்த உறவு யாராவது ஞாபகம் வந்தா ஆபீஸுக்கு வாங்க சார்" என்று சொல்லிவிட்டு, வேறொரு பக்கத்தைப் பற்றிக் கேட்க மேலாளர் அறைக்குள் போனாள்.

பொன்னுலிங்கம் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கதவுக்குப் போனார். கதவு திறக்கவில்லை. ஒரு அடி பின்னால் வந்து மறுபடி நெருங்கினார். கண்ணாடியில் கையை வைத்துப் பார்த்தார். பிறகு திரும்பிக் கூடத்தைப் பார்த்தார். யாரையும் கூப்பிடவில்லை. இதற்கு அவர் பழகியிருந்தார் என்று தெரிந்தது.

செண்பகம் எழுந்து போய் அவர் பக்கத்தில் நின்றாள்.

கதவு திறந்தது.

"நல்லா இரும்மா" என்று சொல்லிவிட்டு அவர் வெளியே போனார்.